ஊரவர் குறித்த நேரம்



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் இன்று எழுத்தை விட்டுச் சற்று விலகி, காண்பியக் கலை பற்றிப் பேச எண்ணுகிறேன். அதிலும் தாபனக் கலை என்று நம்மவர் வழங்கும் ஒரு பிரிவைப் பற்றி. தாபனம் என்றதும் நம்மிற் பலருக்குக் கூட்டுத்தாபனந்தான் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் உறவில்லை. சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய ஓவியமும் பீடத்தில் ஏற்றிய சிற்பமும் பார்ப்பவருக்கு எதிரே நிற்பவை. தாபனக் கலையிலோ பார்ப்பவர் படைப்பின் உள்ளே நுழைந்து விடுகிறார். அறை, தரை, வெளிச்சம், இருள், ஓசை, அவர் அங்கே நிற்கும் நேரம் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் படைப்பு. ஓரிடத்தில் தாபிக்கப்படுவதனால் அந்தப் பெயர். நிறுவற் கலை என்று சொல்வாரும் உளர்.

இந்தக் கலையின்மீது பொதுமக்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. உடைந்த கதிரையைக் கொண்டுவந்து நடு அறையில் வைத்துவிட்டுக் கலை என்கிறார்களே என்று சிரிப்பவர்களை நானும் அறிவேன். அந்தச் சிரிப்பில் நியாயமும் உண்டு. வெள்ளையடித்த நான்கு சுவர்களுக்குள், விடயம் தெரிந்தவர்கள் மட்டும் வந்து தலையாட்டிவிட்டுப் போகும் வரைக்கும் அது அவர்களுக்குள் நடக்கும் பேச்சாகவே இருக்கும். அதே படைப்பை மனிதர் வாழுகிற ஒரு பழைய தெருவில், அடுத்த வீட்டில் துணி காயும் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? தெரு அதை ஏற்குமா? படைப்பு தெருவை விழுங்கிவிடுமா? இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடாமல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஓர் ஊரில் நடைமுறையில் கேட்கப்பட்டு வருகிறது. அந்த ஊர் ஜப்பானில் இருக்கிறது.

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவுக்கும் ஷிக்கொக்குவுக்கும் இடையே செட்டோ உள்நாட்டுக் கடல் கிடக்கிறது. சிறு சிறு தீவுகள் நிறைந்த, அலை குறைந்த கடல். அதிலே நவோஷிமா என்றொரு தீவு. கரையோரமாகச் சுற்றி வந்தால் பதினாறு கிலோமீற்றர். நிர்வாகத்தில் அது ககாவா மாநிலத்தைச் சேர்ந்தது; ஆயினும் எதிர்க்கரையான ஒக்கயாமாவின் ஊனோ துறைமுகத்திலிருந்து கப்பலேறினால் இருபது நிமிடத்தில் போய்விடலாம். 1156ஆம் ஆண்டில் அரியணைப் போட்டியில் தோற்று நாடு கடத்தப்பட்ட சுத்தொக்கு என்ற பேரரசர் வழியில் இங்கே தங்கினார் என்றும், ஊரவரின் நேர்மையான குணத்தைக் கண்டு 'நேர்மைத் தீவு' என்று பெயரிட்டார் என்றும் ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு.

தீவின் கிழக்குக் கரையில் உள்ளது ஹொன்முரா. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தக்கஹாரா என்ற குறுநிலத் தலைவரின் கோட்டையடியில் வளர்ந்த குடியிருப்பு அது. கோட்டை போய்விட்டது, அன்று வகுத்த ஒழுங்கைகள் இன்றும் இருக்கின்றன. சுவர்களுக்குப் புறப்பலகையாக மரத்தைத் தீயில் கருக்கி அடித்திருப்பார்கள். மேற்பரப்பு கரியாகிவிட்டால் கடற்காற்றும் பூச்சியும் உள்ளே போவது குறையும். கரிய பலகை, வெண்சாந்து, சாம்பல் நிற ஓடு என்பவைதான் இந்த ஊரின் நிறங்கள்.

இலக்கியப் பிரியர்கள் விரும்பக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. ஹொன்முராவில் வீடுகளுக்குப் பெயர் உண்டு. குடும்பப் பெயர் வேறு, வீட்டுப் பெயர் வேறு. மூலையில் இருக்கும் வீடு 'கடோயா', அதாவது மூலை வீடு. பல் வைத்தியர் இருந்த வீடு 'ஹைஷா', அதாவது பல் வைத்தியர். ஊரார் கூடி 'கோ' என்னும் பலகை விளையாட்டை ஆடிய இடம் 'கொக்காய்ஷோ'. குடியிருப்பவர் மாறினாலும், வீடு பூட்டிக் கிடந்தாலும், அயலார் வாயில் அந்தப் பெயர் மாறுவதில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தத் தீவுக்குக் கலையை வெளியூரார் புதிதாகக் கொண்டுவந்து இறக்கினர் என்று எண்ணுவது பிழை. தக்கஹாரா குடும்பம் 1671இல் பதவி இழந்தபின் நவோஷிமா ஷோகுன் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. கப்பலோட்டமும் உப்பும் ஊருக்குச் சோறு போட்டன; பொம்மலாட்டமும் செழித்தது. மெய்ஜி காலத்தில் அது நலிந்து மறைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1948இல், அதை மீண்டும் கையிலெடுத்தவர்கள் ஊர்ப் பெண்கள். 'புன்ராக்கு' வகைப் பொம்மையை மூவர் சேர்ந்து இயக்குவர். தலையும் வலக்கையும் ஒருவர் பொறுப்பு, இடக்கை இன்னொருவர், கால்கள் மூன்றாமவர். மூன்று பேரின் மூச்சு ஒத்தால்தான் பொம்மை நடக்கும். மரபிலே ஆண்களே செய்துவந்த இந்த ஆட்டத்தை நவோஷிமாவில் பெண்களே செய்கின்றனர். ஆகவே, பல கைகள் சேர்ந்து ஒரே உருவத்துக்கு உயிர் கொடுக்கும் வித்தை அந்த ஊருக்குப் புதிதன்று.

இனி ஊரின் இருண்ட பக்கத்தையும் பார்க்கவேண்டும். 1917இல் தீவின் வடபுறத்தில் மிற்சுபிஷி கம்பனியின் செப்பு உருக்காலை வந்தது. வேலை வந்தது, சம்பளம் வந்தது, சனம் பெருகியது. கூடவே கந்தகப் புகையும் வந்தது. வடபகுதி மலைகளும் பக்கத்துச் சிறு தீவுகளும் மரமிழந்து மொட்டையாகின. ஒரு காலத்தில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர் வாழ்ந்த பட்டினம் இது. ஆலையில் ஆள் தேவை குறைய, இளைஞர் நகரங்களுக்குப் போக, ஹொன்முராவின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. இன்று தீவில் இருப்பவர் ஏறத்தாழ மூவாயிரம் பேர்.

1959 முதல் 1995 வரை முப்பத்தாறு ஆண்டுகள் பட்டினத்தின் தலைவராயிருந்தவர் சிக்கட்சுகு மியாக்கே. தீவை அவர் மூன்றாக வகுத்து நோக்கினார். வடக்கே தொழில், நடுவே குடியிருப்பும் கல்வியும், தெற்கே, கெடாமல் எஞ்சிய இயற்கையை வைத்துப் பண்பாடும் உல்லாசப் பயணமும். ஒக்கயாமாவில் பதிப்பகம் நடத்திய தெட்சுஹிக்கோ புக்குத்தாக்கே, பிள்ளைகள் கூடி முகாமிட ஒரு தீவு வேண்டும் என்ற ஆசையோடு 1985இல் அவரைச் சந்தித்தார். மறு ஆண்டே புக்குத்தாக்கே காலமானார். தந்தை விட்ட வேலையை மகன் சோயிச்சிரோ எடுத்தார். 1989இல் சிறுவர் முகாம் திறக்கப்பட்டது. 1992இல் கட்டடக் கலைஞர் தடாவோ அண்டோ வடிவமைத்த, அரும்பொருட்சாலையும் விடுதியும் ஒன்றான கட்டடம் எழுந்தது. பதிப்பகத்தின் பெயரும் 1995இல் பெனெஸ்ஸே என மாறிற்று. நல்வாழ்வு என்று பொருள்படும்படி இலத்தீன் சொற்களைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது.

இவையெல்லாம் தென்கரையில் நடந்தன. பணம் படைத்த ஒரு கம்பனி, ஆளில்லாக் கடற்கரையில், சிமெந்தும் கண்ணாடியுமாகக் கட்டியது. ஹொன்முராவின் ஒழுங்கைகளுக்கு அதனால் நேரடி உறவு ஒன்றும் ஏற்படவில்லை. கடற்கரைக் கட்டடத்தைப் பார்க்க வந்தவர் ஊருக்குள் வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மாற்றம் ஒரு வீட்டால் வந்தது. ஊரவர் ஒருவர், இனி வைத்துப் பராமரிக்க முடியாத தம் பழைய வீட்டைக் கைவிட முன்வந்தார். அதுதான் கடோயா என்னும் அந்த மூலை வீடு. ஏறத்தாழ இருநூறு வயது. இடித்துவிட்டு வேறொன்று கட்டுவது எளிது. அப்படிச் செய்யாமல், தடாஷி யமாமோட்டோ என்ற கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் கரிப்பலகையும் சாந்தும் பழைய முறை ஓடுமாக அதைத் திரும்பவும் நிமிர்த்தினார்கள். 1998இல் வேலை முடிந்தது. வெளியே நின்று பார்த்தால் அது அயல் வீடுகளுள் ஒன்றுதான்.

நேயர்களே, இப்போது உள்ளே நுழையுங்கள். வானொலியில் ஓவியத்தைக் காட்ட முடியாது. ஆனால் நான் சொல்லப்போகும் அறை இருட்டறை என்பதால் நமக்கு அவ்வளவு இடைஞ்சல் இல்லை. புற்பாய் விரித்திருக்கவேண்டிய நடு அறையில் பாய் இல்லை. தரை முழுவதும் ஆழமில்லாத நீர். அந்த நீருக்குள் சின்னஞ்சிறு எல்.ஈ.டி. இலக்கங்கள், சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் மின்னுகின்றன. ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஒன்பது வரை மாறி மாறிக் காட்டும். பூச்சியம் வராது, பூச்சியம் வரவேண்டிய இடத்தில் விளக்கு அணைந்து ஒரு கணம் இருண்டு, பின் எண்ணிக்கை திரும்பத் தொடங்கும். சில விரைவாக எண்ணுகின்றன. சில மெதுவாக, அசைகிறதா இல்லையா என்று ஐயுறும்படி எண்ணுகின்றன. படைப்பின் பெயர் 'காலக் கடல் 98'. படைத்தவர் 1957இல் பிறந்த தட்சுவோ மியாஜிமா. பத்து ஆண்டுகளுக்கு முன், 1988இல், வெனிஸ் நகரத்துச் சர்வதேசக் கண்காட்சியில் இதே பெயரிலான படைப்பினால் உலகம் அறிந்தவராகியிருந்தார். மாறிக்கொண்டிருப்பது, எல்லாவற்றோடும் தொடர்புறுவது, என்றும் தொடர்வது ஆகிய மூன்றுமே தம் கலையின் கொள்கை என்பார் அவர். பௌத்த சிந்தனையின் சாயல் அதில் இருப்பதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இதுவரை சொன்னது ஒரு கெட்டிக்காரக் கலைஞர் டோக்கியோவிலோ நியூயோர்க்கிலோ எங்கு வேண்டுமானாலும் செய்யக்கூடியது. ஹொன்முராவில் அவர் வேறொன்று செய்தார். நீருக்குள் இருக்கும் இலக்கங்கள் 125. அவை எந்த வேகத்தில் எண்ணவேண்டும் என்பதைத் தாம் தீர்மானிக்காமல், தீவில் வாழும் 125 பேரை அழைத்து ஆளுக்கொரு விளக்கைக் கொடுத்தார். உங்கள் விளக்கு எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்று நீங்களே குறியுங்கள் என்றார். ஐந்து வயதுக் குழந்தை முதல் தொண்ணூற்றைந்து வயது முதியவர் வரை வந்து தத்தம் நேரத்தைக் குறித்தார்கள்.

இந்த ஒரு செயலால் கலையின் கணக்கே மாறிவிடுகிறது என்பது என் எண்ணம். ஊரிலுள்ள முதியவருக்குத் தாபனக் கலை பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நவீன கலை நல்லதா கெட்டதா என்று அவர் அபிப்பிராயம் சொல்லவும் வேண்டியதில்லை. அந்த வீட்டு நீருக்குள் அவருடைய விளக்கு ஒன்று எரிகிறது, அவ்வளவுதான். அந்நியர் கண்ணுக்கு அது ஓர் இலக்கம். குறித்தவருக்கு அது தம்முடையது. நேற்றுவரை பூட்டிக் கிடந்த அயல் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு அவருக்கு இப்போது ஒரு காரணம் இருக்கிறது. பார்வையாளர் ஒருவர் வழி கேட்டால், அந்த வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு அவரிடம் சொந்தமாக ஒரு வார்த்தையும் இருக்கிறது. விளங்காத கலையை விளங்கப்படுத்த முயல்வதைவிட, விளங்குவதற்கு முன்னரே அதில் ஒரு பங்கைக் கையில் கொடுத்துவிடுவது மேலான வழி என்று மியாஜிமா கண்டுகொண்டார்.

மூலை வீட்டுக்குப் பின் மற்ற இடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1999இல் அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரெல்லின் 'மினமிதெரா', அதாவது தெற்குக் கோயில். முன்னர் கோயில் இருந்த இடம் அது. அந்த நினைவு அற்றுப்போகாதிருக்க, கருக்கிய பலகை போர்த்திய புதுக் கட்டடம் ஒன்றை அண்டோ கட்டினார். உள்ளே முழு இருட்டு. சுவரைத் தடவித் தடவிப் போய் ஓரிடத்தில் அமரவேண்டும். கையை முகத்துக்கு நேரே பிடித்தாலும் தெரியாது. அப்படியே பல நிமிடங்கள். பிறகு எதிரே மெல்லியதொரு வெளிச்சம் இருப்பது தெரியவரும். யாரோ விளக்கை ஏற்றினார்கள் என்று தோன்றும். உண்மையில் அந்த வெளிச்சம் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்தது. விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கலங்கள் இருட்டுக்குப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். பழகியபின்தான் இருந்தது தெரிகிறது. அவசரப்பட்டு எழுந்து போனவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

2001இல் ரெய் நைட்டோ என்ற பெண் கலைஞரின் 'கின்சா' வந்தது. மிகச் சிறிய பழைய வீடு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே, முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டு, பதினைந்து நிமிடம் உள்ளே இருக்கலாம். சுவரின் அடியில் விட்ட மெல்லிய இடைவெளியால் வெளிச்சம் மண் தரையில் தவழ்ந்து வரும். தெருவில் நடப்பவரின் நிழலும் காலடி ஓசையும் அதே வழியால் வரும். தனியே அமர்ந்திருப்பவருக்கு ஊரின் நடமாட்டம் கலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

2002இல் நிழற்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ ஊர்க் கோயிலையே தொட்டார். எடோ காலத்துப் பழைய சிறு ஷின்டோ கோயில் ஒன்று திருத்தப்படவேண்டியிருந்தது. அதை அவர் புதிதாக அமைத்து, நிலத்தடியிலுள்ள கல் அறைக்கும் மேலே உள்ள சந்நிதிக்கும் இடையே தெளிந்த கண்ணாடிக் கட்டிகளால் படிக்கட்டு வைத்தார். மேலே விழும் பகல் வெளிச்சம் அந்தப் படிகளின் வழியே நிலத்துக்குள் இறங்குகிறது. பார்த்தவர் ஒடுங்கிய சுரங்கவழியால் வெளியே வரும்போது எதிரே கடல் தெரியும். இதுவும் தாபனக் கலைதான். அதே வேளை, கும்பிடுவதற்குரிய கோயிலாகவும் அது இருக்கிறது.

2006இல் மூன்று இடங்கள் சேர்ந்தன. உப்புத் தொழிலால் செழித்த குடும்பத்தின் வீடாகிய 'இஷிபாஷி'யில் ஹிரோஷி செஞ்சுவின் அருவி ஓவியம். பல் வைத்தியர் வீட்டில் ஷின்ரோ ஓட்டாக்கே கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒட்டிக் கட்டிய கூத்து. வீட்டுக்குள்ளே மாடி வரை எழும் அமெரிக்க சுதந்திர தேவி சிலையும் அதில் உண்டு. கொக்காய்ஷோவில் யொஷிஹிரோ சுடாவின் கமேலியாப் பூக்கள். இந்தக் கடைசிப் படைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். இரண்டு அறைகள். ஓர் அறையின் பாயில் மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. மற்ற அறை வெறுமை. வெளியே முற்றத்தில் உண்மையான கமேலியா மரம் நிற்கிறது. பூக்கும் காலத்தில் அதன் பூக்களும் உதிரும். எது செதுக்கியது, எது பூத்தது என்று கண் தடுமாறும். இன்னும் சற்று நின்றால், வெறுமையான அறையிலும் பூவைத் தேடுகிறோம். ஒரு காலத்தில் அயலவர் கூடிக் காய் நகர்த்திய அறை அது.

இந்த வீடுகளின் உள்ளே படம் பிடிக்க அனுமதியில்லை. வீடுகள் ஒரே வரிசையிலும் இல்லை. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்குப் போக ஊரின் ஒழுங்கைகளூடாகத்தான் நடக்கவேண்டும். வழியில் வாழும் வீடுகள், பூந்தொட்டிகள், வாசலில் தொங்கும் துணித்திரைகள். இந்தத் திரைகளும் ஒரு கலைத் திட்டத்தில் உருவானவையே. 2001இல் நடந்த கண்காட்சியின்போது யோக்கோ கானோ என்ற சாயக் கலைஞர் ஊர் வீடுகளுக்கு ஏற்ற திரைகளைச் செய்து கொடுத்தார். கண்காட்சி முடிந்தபின்னும் வீட்டார் அவற்றைக் கழற்றவில்லை. வீட்டுப் பெயர் பொறித்த பலகைகளும் வாசல்களில் ஏறின. முதியவர் நாவில் மட்டும் இருந்த பெயர்கள் இப்படிச் சுவருக்கு வந்தன.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் பேசாமல் விட்டால் அது நேர்மையாகாது. நேர்மைத் தீவைப் பற்றிய பேச்சல்லவா!

முதலாவது, இதன் பின்னால் பெரும்பணம் இருக்கிறது. ஒரு கம்பனியும் அதன் அறக்கட்டளையும் விரும்பியதால் நடந்தது. அவை விரும்பாவிட்டால்? ஊரின் கலையைத் தனவந்தர் ஒருவரின் நல்ல மனத்தில் தொங்கவிடுவது சரியா என்று கேட்பவரை நாம் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, கூட்டம். 2010இல் செட்டோ உள்நாட்டுக் கடலின் தீவுகளை இணைத்து மூன்றாண்டுக்கு ஒருமுறை நிகழும் கலைவிழா தொடங்கியது. முதல் விழாவுக்கே ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வருகைகள் கணக்கிடப்பட்டன. 2013இல் அது பத்து இலட்சத்தைக் கடந்தது. தென்கரைத் துறையில் 1994 முதல் இருந்த யாயொய் குசாமாவின் மஞ்சள் பூசணிக்காய்ச் சிற்பத்தை 2021 ஆகஸ்டில் ஒரு சூறாவளி கடலுக்குள் இழுத்துப் போட்டபோது உலகமெங்கும் அது செய்தியாயிற்று. 2022இல் புதிதாகச் செய்து வைத்தார்கள். மூவாயிரம் பேர் வாழும் தீவுக்கு இந்தப் புகழ் சுமையும் ஆகும். தெருவைப் பார்க்க வருபவர் பெருகினால், தெருவே பார்வைப் பொருளாகிவிடும். வாசலில் இருந்து கீரை ஆய்பவர் தாம் கண்காட்சியின் ஒரு பகுதியோ என்று எண்ணவேண்டிய நிலை வரலாம்.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கலை ஊரைக் காப்பாற்றியதா? புதிதாகக் குடிவந்து தேநீர்க் கடையும் தங்குமனையும் நடத்துவோர் உண்டு. 2013இல் ஹொன்முராவில் நூறு வயது மரவீடு ஒன்றினுள்ளே அண்டோ அரும்பொருட்சாலை வந்தது. 2025 மே மாதத்தில் ஊருக்கு அண்மையில் குன்றொன்றில் நவோஷிமா புதிய கலைக்கூடமும் திறக்கப்பட்டது. ஆனால் குடிசனம் முன்னைய அளவுக்குத் திரும்பவில்லை. வெளியேறிய பிள்ளைகளைத் திருப்பி அழைக்கும் வல்லமை ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இல்லை. அப்படி உண்டென்று யாராவது சொன்னால் அவர் விளம்பரம் செய்கிறார் என்றே கொள்ளவேண்டும். அடுப்பணைந்த வீட்டில் விளக்கு எரியலாம். அது வாழும் வீடு ஆகாது.

அப்படியானால் கிடைத்தது என்ன? நான் மூலை வீட்டுக்கே திரும்புகிறேன்.

1998இல் ஐந்து வயதாயிருந்த குழந்தை இன்று முப்பது வயதைக் கடந்தவர். அன்று தொண்ணூற்றைந்து வயதாயிருந்தவர் இருந்திருந்தால் நூற்றிருபதைத் தாண்டியிருக்கவேண்டும். இன்று அவர் இல்லை. நடுவயதினரிலும் பலர் போயிருப்பார்கள். ஆனால் இலக்கங்கள் நிற்கவில்லை. இறந்தவர் குறித்த வேகத்திலேயே அவருடைய விளக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டுகள் நிறைந்த 2018இல், அந்த நேரங்களை அடுத்தவருக்குக் கையளிக்கும் நிகழ்வொன்று நடந்தது. தீவு மக்கள் மீண்டும் கூடி நேரம் குறித்தனர்.

கலைக்கூடத்தில் இருக்கும் படைப்பை யாரும் தொடக்கூடாது. மாற்றினால் கெட்டுவிடும். இங்கோ படைப்புத் தொடரவேண்டுமானால் ஊரவரின் கை மீண்டும் வேண்டும். ஒரு காணியும் வீடும் கைமாறுவதுபோல ஒரு வேகம் கைமாறுகிறது. கொடுப்பவருக்கு அது சொத்தல்ல; வாங்குபவருக்கு அதனால் ஒரு சதமும் வருவதில்லை. இருந்தும் இருவரும் அந்த வீட்டுக்கு வரவேண்டியிருக்கிறது.

தெருவில் வைக்கும் கலையை எதைக்கொண்டு அளப்பது என்று தொடக்கத்தில் கேட்டோம். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்பது ஓர் அளவு. விமர்சகர் என்ன எழுதினர் என்பது இன்னோர் அளவு. ஹொன்முரா மூன்றாவதான ஓர் அளவைத் தருகிறது என்று நினைக்கிறேன். அந்தப் படைப்பைச் செய்து முடித்தபின்னும் அயல்வீட்டார் அதில் கைவைக்க வேண்டியிருக்கிறதா? வேண்டியிருந்தால் அது ஊரின் பொருள். வேண்டாமென்றால், எவ்வளவு அழகாயிருந்தாலும், அது ஊரில் இறக்கிவைத்த பொருள். இந்த அளவுகோலால் அளந்தால் எனக்குப் பிடித்த கமேலியாப் பூக்களும் சற்றுப் பின்தள்ளப்பட்டுவிடும். அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாசலிற் கழற்றப்படாது தொங்கும் துணித்திரை முன்னுக்கு வரும். ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் பழகினாலன்றி நடக்காத அந்தப் பெண்களின் பொம்மையும் முன்னுக்கு வரும்.

இன்னும் ஒன்று. அந்த வீட்டுக்கு இன்று உலகப் புகழ். கலை நூல்களிலே அது மியாஜிமாவின் படைப்பு. ஆயினும் வாசலில் இருக்கும் பெயர் அவருடையதன்று. இரண்டு நூற்றாண்டாக அயலார் சொல்லிவந்த பெயர்தான். மூலையில் இருப்பதால் அது மூலை வீடு.